கல்வெட்டில் எழுதியிருக்கும் சேரி



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று அமைப்பிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். 'இராசராசன்' என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நம் மேடையில் அரசனுக்கு என்ன வேலை என்று அந்தத் தோழர் நினைத்திருப்பார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் தஞ்சைப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவர்கள் பலருடைய கைப்பேசியைத் திறந்தாலே பெரிய கோயிலின் படம் வருகிறது. ஐப்பசி சதயத்தன்று ஊரெங்கும் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் ஒவ்வொரு சாதிச் சங்கமும் இராசராசனைத் தன் ஆளாக எழுதிக்கொள்கிறது. திரைப்படம் அவனைக் காட்டுகிறது; 2022இல் அரசு அவன் பிறந்தநாளை அரசு விழாவாக அறிவித்தது. எல்லோரும் அவனைப் பற்றிப் பேசும்போது நாம் மட்டும் பேசாமல் இருந்தால், அந்த வரலாற்றுக்குள் நம்மவர்கள் இருந்த இடத்தைப் பற்றியும் மற்றவர்கள்தான் பேசுவார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரச வரலாற்றை மக்களிடம் கொண்டுபோன முதல் ஆள் பேராசிரியர் அல்ல, அரசனேதான். தன் வெற்றிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தலைப்பில் செந்தமிழில் பொறிக்கும் மெய்க்கீர்த்தி என்னும் வழக்கத்தைச் சோழரில் நிலைநிறுத்தியவன் இராசராசன். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று வெற்றிகள் கூடக் கூட அந்த வாசகமும் நீண்டுகொண்டே போகும். அரசாணைக்கு முன்னால் ஒரு பக்க வரலாறு. அதுவும் அரசாங்கமே எழுதிய வரலாறு. இன்றைய அரசு விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பெரிய கோயிலில் அவன் இன்னும் ஒரு படி மேலே போனான். 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது கி.பி. 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான். தானும், தன் அக்காள் குந்தவையும், தன் மனைவியரும், மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்னான். பொன் பாத்திரங்களின் எடை, செப்புத் திருமேனிகளின் உயரம், நகைகளில் பதித்த முத்துகளின் எண்ணிக்கை, அவற்றின் தரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. கோயில் சுவரே ஒரு கணக்குப் புத்தகம். உலகத்தில் எந்த அரசனும் தன் கணக்கை இவ்வளவு விரிவாகப் பொதுவில் வைத்ததில்லை என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. பொதுவில்தான் வைத்தான். ஆனால் அந்தப் பொதுவுக்குள் யார் யார் வந்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு எழுதி வைத்தும் அவன் மறக்கப்பட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் நின்று இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால், காடுவெட்டிச் சோழன் என்பார்கள், கரிகாலன் என்பார்கள். தலபுராணமும் கரிகாலனைத்தான் சொன்னது. 1886இல் சென்னை மாகாணக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த செர்மானியர் உல்ட்ஷ், விமானத்தின் அடிப்பகுதியில் இருக்கும் எழுத்தைப் படித்துத்தான் கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்று உறுதிசெய்தார். தஞ்சைக் கல்வெட்டுகள் 1890களில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சாகத் தொடங்கின. ஆக, இன்று ஆயிரமாண்டுப் பெருமையாகப் பேசப்படும் நினைவுக்கு வயது நூற்று நாற்பதுதான். அதுவும் அச்சகத்தின் வழியாக வந்த நினைவு.

அங்கிருந்து மக்களிடம் வந்த பாதையும் தெரிந்ததே. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' 1935இலும் 1937இலும் ஆங்கிலத்தில் வெளியானது. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதியை 1949இல் தமிழில் தந்தார். 1950இல் கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடங்கினார். ஆய்வாளரின் அடிக்குறிப்பு நாவலாசிரியருக்குக் கதையாகி, கதை வாரப் பத்திரிகையின் வழியே வீடு வீடாகப் போனது. நம் பெற்றோர்களுக்குத் தெரிந்த சோழ வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றாவது வாசலில் கிடைத்ததுதான்.

கல்கியைக் குறைசொல்ல நான் வரவில்லை. நாவலுக்கு நாவலின் உரிமை உண்டு. என் கவலை வேறு. கல்லிலிருந்து ஆய்வு நூலுக்கும், அங்கிருந்து நாவலுக்கும், பிறகு திரைக்கும் போகும்போது எது ஒவ்வொரு வாசலிலும் உதிர்ந்து விழுகிறது என்று பாருங்கள். அரசனின் பட்டப்பெயர் உதிரவில்லை. குதிரை உதிரவில்லை. சேரி உதிர்ந்துவிட்டது.

சேரி கல்வெட்டில் இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? அதே கோயிலின் சுவரில்தான் இருக்கிறது.

இராசராசன் கோயிலுக்குச் சோழமண்டலத்திலும் வெளியிலும் பல ஊர்களின் வருவாயை எழுதிவைத்தான். ஒவ்வோர் ஊருக்கும் கணக்கு ஒரே முறையில் வரும். முதலில் ஊரின் மொத்த அளவு. வேலி, மா, காணி, முந்திரிகை என்று நுணுக்கமாக இறங்கிக்கொண்டே போகும் அளவு அது. அதிலிருந்து வரி கட்டாத நிலத்தைக் கழிப்பார்கள். மீதி நிலத்துக்கு இத்தனை கலம் நெல். அதை ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலால் அளந்து கோயிலில் கொட்ட வேண்டும். அந்தக் கழிக்கும் பட்டியலைத்தான் நான் மாணவர்களிடம் எப்போதும் வாசிக்கச் சொல்வேன். ஊர் நத்தம், கோயில்கள், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், களம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் ஈழச்சேரி உண்டு, வண்ணாரச்சேரி உண்டு. உழுகிற பறையர் இருக்கும் சேரி என்று தொழிலைச் சொல்லியே குறிப்பதும் உண்டு. சில இடங்களில் பறையருக்குச் சுடுகாடும் தனி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கேதான் வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வழிகாட்டி ஒருவர் வழக்கம்போல நிழல் கீழே விழாத கோபுரம் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். (விழும். காலையில் போய்ப் பாருங்கள்.) கீழத்தஞ்சைப் பக்கத்து மாணவி ஒருத்தி, கல்வெட்டின் அச்சுப்படியை வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினாள். 'பறைச்சேரி' என்ற சொல் வந்ததும் நிறுத்தினாள். "சார், எங்க தெருவுக்கு ஆயிரம் வருஷமா இதே பேருதானா?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் கேட்டதில் அவமானமும் இருந்தது, ஒரு வகை ஆச்சரியமும் இருந்தது. அரசனுடைய கல்லில் தன் தெருவும் இருக்கிறதே என்ற ஆச்சரியம்.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை. ஒரு தரப்பு சொல்கிறது: பாருங்கள், இராசராசன் சேரிக்கு வரி விலக்குக் கொடுத்த கருணையாளன். இது தவறு. நில வரி விளைச்சலுக்கு. விளையாத இடத்தைக் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உழவர்கள் வீடு கட்டி வாழும் ஊர் நத்தத்துக்கும் வரியில்லை, சுடுகாட்டுக்கும் இல்லை, வாய்க்காலுக்கும் இல்லை. வாய்க்கால் மேல் அரசனுக்குக் கருணை என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொரு தரப்பு நம் பக்கத்தில் இருக்கிறது. இராசராசன்தான் தீண்டாமையைக் கொண்டுவந்தான் என்று மேடையில் சொல்கிறார்கள். கை தட்டுகிறார்கள். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை, தோழர்களே. நிலம் அளக்கப் போனவர்கள் ஊரில் கண்டதை எழுதியிருக்கிறார்கள். ஊர் வேறு, சேரி வேறு, சுடுகாடு வேறு என்ற பிரிவு அளவுகோல் போவதற்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். அரசு செய்தது வேறொன்று. கி.பி. 1001 அளவில் நடந்த பெரிய நில அளவைக்குப் பிறகு அந்தப் பிரிவு அரசுக் கணக்கில் ஏறியது. வழக்கமாக இருந்தது பதிவாக மாறியது. அந்தச் சேரியில் இருந்தவர்களின் உழைப்பால் விளைந்த நெல் கோயிலுக்கு வந்தது. அதைச் சொன்னாலே போதும். குற்றச்சாட்டு குறைந்துவிடாது, இன்னும் உறுதியாகும். மிகையாகச் சொன்னால் எதிர்த்தரப்பு மிகையை மட்டும் உடைத்துவிட்டு, உண்மையையும் சேர்த்துப் புதைத்துவிட்டுப் போய்விடும்.

தீண்டாச்சேரி என்பதற்கு வேறு பொருள் சொல்லிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொல் எந்தச் சொற்களோடு வரிசையில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா சோழர் கல்வெட்டுகளில் இருக்கும் இந்தச் சொற்களைத் தொகுத்து, பதினோராம் நூற்றாண்டில் தீண்டாமை வழக்கத்தில் இருந்தது என்பதை 1990களில் கட்டுரையாக எழுதினார். தஞ்சைக் கல்வெட்டு அச்சாகி நூறாண்டுகள் கழித்து! இடையில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்? ஒளித்துவைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அச்சில் இருந்தது. கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அவர்கள் தேடியது அரச வம்சத்தின் வரிசை, போர்களின் தேதி, ஊர்ச் சபையின் தேர்தல் முறை. கேள்வி கேட்டவர் எங்கிருந்து வந்தாரோ அங்கிருந்துதான் கேள்வியும் வரும்.

அதே சுவரில் இன்னொரு பட்டியலையும் பார்க்க வேண்டும். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் இருக்கிறது. பெயருக்கு முன்னால் எல்லோருக்கும் 'நக்கன்' என்ற ஒட்டு. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இறந்தாலோ வெளியூர் போனாலோ, தகுதியுள்ள உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். கலைஞர்களை அரசன் மதித்ததற்குச் சான்று என்கிறார்கள் சிலர். அடிமைகளின் பட்டியல் என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டுமே அவசரமாகப் படுகிறது. பங்கு இருந்தது, வீடு இருந்தது, பெயர் இருந்தது. ஆனால் சொந்த ஊரைவிட்டு வர விருப்பமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. 2010இல் ஆயிரமாண்டு விழாவில் ஆயிரம் நடனக் கலைஞர்கள் பெரிய கோயிலில் ஆடினார்கள். அந்த 400 பேரின் பெயர்களை அன்று ஒருமுறை வாசித்திருக்கலாம்.

நம் சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. தளிச்சேரியில் வீட்டுக்கு வீடு பெயர் உண்டு. கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனுக்குப் பெயர் உண்டு. கணக்கு எழுதியவர்களுக்கு, நாவிதர்களுக்கு, தையற்காரர்களுக்குப் பங்கு உண்டு. பறைச்சேரி வரும் இடத்தில் நிலம் மட்டும் வருகிறது. சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி உச்சிக் கல்லை ஏற்றினார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி இழுத்தார்கள் என்று பொறியியல் கல்லூரிகளில் கருத்தரங்கு வைக்கிறார்கள். இழுத்தவர்கள் யார் என்று கேட்ட கருத்தரங்கு எதற்கும் எனக்கு அழைப்பு வந்ததில்லை.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். கணக்கைப் பொதுவில் வைத்தான் என்றேன். அந்தக் கல்வெட்டுகள் விமானத்தின் அடியிலும் திருச்சுற்றிலும் இருக்கின்றன. இரண்டு கோபுர வாசல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தார்கள். அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலும் திறந்துவிடப்பட்டது. தீண்டாச்சேரி என்று எழுதப்பட்ட சுவரை அந்தச் சேரியில் பிறந்த ஒருவர் உரிமையோடு பக்கத்தில் நின்று பார்க்க 929 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. செர்மனியிலிருந்து வந்தவர் 53 ஆண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டார்.

இதையெல்லாம் வெளியில் பேசினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 ஜூனில் திருப்பனந்தாள் கூட்டத்தில் இயக்குநர் பா. ரஞ்சித் இராசராசன் காலத்து நிலப் பறிப்பைப் பற்றிப் பேசினார். வழக்குப் பதிவானது, முன்பிணைக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லோடும் நான் உடன்பட வேண்டியதில்லை. பிரமதேயம், தேவதானம் என்று நிலம் கைமாறியதற்கும், பழைய குடிகளை நீக்கிக் கொடுத்த கொடைகளுக்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடு 1080 பிராமணருக்கு ஊர்களைச் சேர்த்துக் கொடுத்ததைச் சொல்கிறது. இந்த நிலங்களில் முன்பு யாருக்கு என்ன உரிமை இருந்தது என்பது ஊர் ஊராக ஆராய வேண்டிய கேள்வி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசனைப் பற்றி விவாதித்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஆராய்ச்சியைச் செய்ய எந்த மாணவர் முன்வருவார்?

நம்மிடமும் ஒரு சோதனை இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சொல்கிறது. பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள். அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய உடைமைகள் பறிமுதலானதை இராசராசனின் இரண்டாம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். நம் நண்பர்கள் 'பிராமணர் என்பதால் தலையை விட்டுவிட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கல் நிலத்தைப் பற்றியது. உயிர்த் தண்டனை கொடுத்தானா இல்லையா என்பதைப் பற்றி அது பேசவே இல்லை. பேசாத கல்லைப் பேச வைக்கக் கூடாது. அது நமக்கு வசதியான பேச்சாக இருந்தாலும்.

இன்னொரு சோதனை, நாமும் ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, காலணா காசுக்கு வரலாற்றை மக்கள் கையில் கொடுத்தவர் அவர். அவர் எதற்கு எதிராக எழுதினார் என்பது முக்கியம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் அவையைச் சேர்ந்த சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை விவரித்து, தோலும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்த திருநாளைப்போவாரைத் தில்லையில் தீயில் இறக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை அந்தண ஆண்டையின் பண்ணையாளாக்கினார். பண்டிதர் அந்த ஆளுக்குக் கிரீடம் வைத்தார். அது அந்தக் காலத்துக்கு வேண்டிய அடி. ஆனால் இன்று சதய விழாவில் பத்தாவது சாதியாக நாமும் ஒரு சுவரொட்டி ஒட்டுவது அவருடைய வழி என்று நான் நினைக்கவில்லை. அரசனுக்குப் பேரனாவதைவிட, அவனுடைய நெற்கணக்கைத் தணிக்கை செய்வது நமக்குப் பொருத்தமான வேலை.

பஞ்சக் காலத்தில் என்ன நடந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரும். கி.பி. 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், திருப்பாம்புரத்தில் நெல் விலை ஏறி, வெள்ளாளர் ஒருவர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். இதை மாணவர்களிடம் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். வெள்ளாளருக்கே இந்தக் கதி என்றால், அந்த ஆண்டு சேரியில் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்குக் கல்வெட்டு இல்லை.

என் மாணவி அன்று கேட்ட கேள்விக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான். பறையன் என்ற பெயர் அவமானமாகப் பிறந்ததல்ல. துடியன், பாணன், கடம்பனோடு நான்கு குடிகளில் ஒன்றாகப் புறநானூற்றில் அந்தப் பெயர் வருகிறது. சேரி என்பதும் ஒருகாலத்தில் சேர்ந்து வாழும் இடம்தான். பெரிய கோயிலைச் சுற்றியிருந்த ஆடல் மகளிர் தெருவும் சேரியே. எப்போது அந்தச் சொல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க ஊர் ஊராகக் கல்வெட்டைப் படிக்க வேண்டும் என்றேன். "படிக்கக் கத்துக்குடுங்க" என்றாள். மறுவாரம் சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். மைப்படி எடுக்கும் தாளும் தூரிகையும் வாங்க ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டோம். முதலில் போனது அவளுடைய ஊர்ச் சிவன் கோயிலுக்கு. பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் எந்தத் தெரு என்று கேட்டார். அவள் தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு, கதவு திறக்கும்வரை அங்கேயே நின்றாள்.